தொம்மை வைத்த வெடி

தொம்மை துப்பாக்கியின் விசையை இழுத்ததற்கும் அந்தக் குண்டுகள் அவன் பெண்டாட்டி பிரகாசியிடம் வந்து சேர்ந்ததற்கும் நடுவிலே மஞ்சம்பாறைக்குக் கரண்டு வந்தது, பஸ் வந்தது, மலைவாழைக்கு நோய் விழுந்து ஊரே காப்பிக்கு மாறியது, காப்பி விலை விழுந்து ஊரே மிளகுக்கு மாறியது, மாதா கோயில் ஓடுகளைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள், பிரகாசிக்கு ரோஸ்லின் பிறந்து, பள்ளிக்கூடம் போய், பெரியவளாகி, திண்டுக்கல்லில் வாக்கப்பட்டு, கிறிஸ்துமசுக்குக் கைப்பிள்ளையோடு வந்து போகிறவளானாள். குண்டு மட்டும் அவசரப்படவில்லை. அது அவசரப்படாதது நல்லதுக்குத்தான் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அன்றைக்குச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். தொம்மை மேட்டுத் தோட்டத்துப் பரணில் உட்கார்ந்திருந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. சேனைக்கிழங்குப் பாத்தியில் பன்றி வந்து மூக்கால் உழுதுகொண்டிருந்தது. தொம்மை குறிபார்த்துப் பின்விசையை இழுத்தான். தோளில் இடித்தது, குழல் வாயில் புகை வந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த கிழங்கையும் விடாமல், தன் வழியே நடந்து போனது. பன்றி நின்ற இடத்துக்கு நேர் பின்னால், கீழே, வீட்டுப் பக்கத்தில், துவைக்கிற கல்லோரம் பிரகாசி ஒரு மஞ்சள் சேலையை உதறிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். குழல் வாய்க்கு ஒரு முழம் தள்ளி, ஈயக் குண்டுகள் கொத்தாக, ஒரு கைப்பிடி மிளகை எறிந்து பாதியில் நிறுத்தியதுபோல, அந்தரத்தில் நின்றன.

பிரகாசி சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தாள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்ன இது?"

"சுட்டேன் புள்ள."

"யாரை?"

"பன்னியத்தான்."

"பன்னி அங்கிட்டுப் போகுது. இது என்னையவே பாத்துக்கிட்டு நிக்குது."

அவள் சொன்னது சரி. அவள் இடதுபக்கம் நடந்தால் அந்தக் கொத்தும் ஒரு கிழட்டு எருமை தலை திருப்புகிற மாதிரி மெல்ல இடதுபக்கம் திரும்பியது. வலதுபக்கம் வந்தால் வலதுபக்கம்.

"நான் கத்தினேன்" என்றான் தொம்மை. "விசைய இழுக்கையிலதான் நீ நிமிந்த. விரல் நிக்கல. ஆனா வாய் முந்திக்கிருச்சு. 'பிரகாசி, குனி'ன்னு கத்தினேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"துப்பாக்கிச் சத்தமுந்தான் கேக்கல."

"அது துப்பாக்கியோட விசயம். உங்க வாய்க்கு என்ன வந்துச்சு? இங்கருந்து அங்க கூப்பிடு தூரந்தான். கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்."

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று காலையில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. பன்றிக் காவல் என்று சொல்லி அவன் வாரக்கணக்கில் பரணிலேயே கிடக்கிறான் என்று அவள் சோற்றுச் சட்டியை நாய்க்குக் கவிழ்த்துவிட்டாள், அவன் "நீ ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான். எல்லா வீட்டிலும் சொல்கிற சொல்தான். ஆனால் எல்லா வீட்டிலும் அன்று சாயங்காலமே துப்பாக்கி வெடிப்பதில்லை. பிரகாசி அதைப்பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்காமல் இருந்ததுதான் அவளுக்குள்ளே முள்ளாகத் தைத்துக்கொண்டு கிடந்தது.

ஊர் வந்து பார்த்தது. முதல் நாள் பயந்தது, மறுநாள் யோசனை சொன்னது, அதற்கடுத்த நாள் சாமான்களோடு வந்தது. குறடு போட்டு இழுத்தார்கள், வரவில்லை. சாக்கைப் போட்டு மூடினார்கள், சாக்கு நைந்து விழுந்தது. உபதேசியார் சூசைமாணிக்கம், கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிறவர், தீர்த்தம் தெளித்துவிட்டு அரைமனதாக ஒரு குடைக் கம்பியாலும் தட்டிப் பார்த்தார். கம்பிதான் வளைந்தது. குண்டுக்கு முன்னால் ஒரு அம்மிக்கல்லை நிறுத்தி வைத்தார்கள், அது அம்மிக்கல்லுக்குள் நுழைந்து, மழைக்காலம் முழுக்க உள்ளேயே இருந்து, தை மாதம் மறுபக்கம் வெளியே வந்தது. அப்போதுதான் ஊருக்கு இரண்டு விசயம் தெரிந்தது. குண்டு நிற்கவில்லை, வந்துகொண்டிருக்கிறது. எது வைத்தாலும் துளைத்துக்கொண்டுதான் வரும்.

இரட்டைக் குழல் வைத்திருக்கிற எந்தத் தோட்டக்காரனுக்கும் தெரியும், முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. வலது குழலின் வாய் கொஞ்சம் அகலம், பக்கத்தில் பறக்கிற காட்டுக்கோழிக்கு. இடது குழலின் வாய் இறுக்கம், தூரத்தில் நிற்கிற பன்றிக்கு. அந்த இறுக்கத்தைத்தான் சோக்கு என்பார்கள். சோக்கு இறுகியிருந்தால் குண்டெல்லாம் சிதறாமல் ஒரே பிடியாகப் போய் ஒரே இடத்தில் இறங்கும். தொம்மை இழுத்தது பின்விசை. ஆகவே மஞ்சம்பாறையில் சின்னப் பிள்ளைக்கும் கணக்குப் புரிந்தது, அந்தப் பிடிக் குண்டு மொத்தமும் ஒருநாள் பிரகாசியின் நெஞ்சுக்குள் அம்மிக்கல்லில் நுழைந்ததுபோல நுழையும்.

"ஊரை விட்டுப் போயிரு தாயி" என்றார்கள் எல்லாரும். அவளும் போனாள். திண்டுக்கல்லில் தன் ஆத்தா வீட்டில் போய் ஒரு வாரம் இருந்தாள். குண்டு திண்டுக்கல் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் நகரத் தொடங்கியது, அது பார்க்கிற நேர்கோட்டில் யார் யார் வீடு இருக்கிறது என்று உபதேசியார் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், முதலில் அந்தோணி வீட்டுத் தொட்டில் கட்டுகிற உத்தரம், அதற்கப்பால் பள்ளிக்கூடம், அதற்கப்பால் மலைக்குக் கீழே எத்தனையோ ஊர், எத்தனையோ சனம். சேதி கேட்டதும் பிரகாசி அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள்.

"எனக்கு வந்தத நான் வாங்கிக்கிர்றேன்" என்றாள், இறங்கும்போதே. "ஊராவீட்டுத் தொட்டில்ல எதுக்கு விடணும்?"

அவள் தைரியத்தை ஊர் அன்றைக்கு மனதில் எழுதி வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் துவைக்கிற கல்லையும் வீட்டையும் சுற்றித்தான் இருந்தாள். கல்யாணம் காட்சிக்குப் போனால் ஒரு பொழுதில் திரும்பிவிடுவாள். குண்டும் கொஞ்சம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் வந்ததும் பழையபடி வீட்டுப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்ளும்.

பழகிவிட்டது. மனுசன் எதற்குத்தான் பழகவில்லை. குண்டு வருகிற வழியில் காப்பிச்செடி நடாமல் விட்டார்கள், யாரும் குறுக்கே போகாதபடி முள்வேலி கட்டினார்கள், மிளகு பறிப்பு முடிந்ததும் ஊர்கூடி வேலியைக் கீழே நகர்த்தி வைப்பது என்று வழக்கமானது, அன்றைக்கு எல்லாருக்கும் தொம்மை வீட்டில் மொச்சைக் குழம்பும் சோறும். கரண்டுக்காரர்கள் கம்பம் நடும்போது அந்த வழியை விட்டு வளைத்து நட்டார்கள். பனிக்காலத்துக் காலையில் ஒவ்வொரு குண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்று மின்னும், பஸ்ஸில் வருகிற வெளியூர்க்காரர்கள் இறங்கி நின்று பார்ப்பார்கள். "தொம்மை வெடி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று சந்தையில் கேட்பார்கள், "கொய்யா மரத்தத் தாண்டிருச்சு" என்று இவர்கள் சொல்வார்கள், பிறகு மிளகு விலையைப் பேசுவார்கள்.

தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேசனில் ஒப்படைக்க வேண்டும். தொம்மையும் கொண்டுபோனான். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை மடக்கிப் பார்த்தார். இடது குழலில் காலித் தோட்டாக்கூடு இருந்தது, தொட்டால் சூடாக இருந்தது.

"இது சுட்டதா, சுடாததா?"

"சுட்டதுதாங்கய்யா. இன்னும் முடியல."

இன்ஸ்பெக்டர் கொஞ்சநேரம் பேனாவைக் கடித்தார். பிறகு 'சுடப்பட்டு நிலுவையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு, கூட்டை மட்டும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அடுத்த தேர்தலுக்கு வந்தவரும், அதற்கடுத்து வந்தவரும் முன்னால் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். அந்தக் கூடு ஆறவே இல்லை. தொம்மை அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான், மார்கழிக் குளிரில் பிரகாசி வாசல் பெருக்கி வந்தால் அவள் கையில் வைத்து மூடுவான்.

கொய்யா மரத்தைத் தாண்டிய பிறகுதான் தொம்மை அதைக் கவனித்தான். பிடியாக இருந்த குண்டு தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. அடுத்த வருசம் சுளகு அகலம். சோக்கு இறுகிய குழலில் வந்த குண்டு இப்படி விரியக்கூடாது. ஊருக்குப் புதுப் பயம் வந்தது, பிடியாக வந்தால் ஒருத்தியோடு போகும், விரிந்து வந்தால் எத்தனை பேரை அடிக்குமோ என்று. தொம்மைக்கு வந்தது வேறு யோசனை. கொத்து மொத்தமும் தன் நடுவைத்தான் பிரகாசிக்கு நேராக வைத்துத் திரும்புகிறது, ஒவ்வொரு குண்டும் கொத்தில் தன் இடத்தை விடுவதில்லை. அப்படியானால், விரிய விரிய, அவளைச் சுற்றி இடம் உண்டாகும்.

"யாரோ குழல அறுத்திருக்கணும்" என்றார் உபதேசியார். "ரம்பத்தால வாய அறுத்துட்டா சோக்கு போயிரும். ஆனா அறுத்த குழல் கன்னாபின்னான்னு துப்பும். நாலு குண்டு இங்க சேரும், நாலு அங்க சேரும். அதை நம்ப முடியாதப்பா."

அதுதான் தெரிந்தாக வேண்டியிருந்தது. தொம்மை துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டான், பிரகாசியும் கூடவே கிளம்பினாள். "என் நெஞ்சு சமாச்சாரம், நானும் கேக்கணும்ல." சாயங்கால பஸ்ஸில் கட்டாயம் வந்துவிடச் சொல்லி ஊரே கேட்டுக்கொண்டது.

மதுரையில் காதர் மைதீன் பாய் என்று ஒருவர் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். கனத்த உடம்பு, மெல்லிய விரல்கள். சாக்கைப் பிரித்தார். முதலில் குழல்களின் வாயைத் தடவினார்.

"அறுக்கலை. அறுத்திருந்தா ரெண்டு குழல் வாய்க்கும் நடுவுல சந்து விழுந்திருக்கும். இது ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, பாருங்க."

பிறகு துப்பாக்கியைக் கழற்றி, குழல்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொம்மையிடம் கொடுத்தார், தொம்மை பார்த்தான், பிரகாசியும் பார்த்தாள். உள்ளே வளையத்துக்குள் வளையமாக வெளிச்சம் நின்றது, ஒரு இடத்திலும் நெளியவில்லை.

"ஊர்ப் பட்டறையில உப்புத்தாளைச் சுத்தித் தேய்ச்சிருந்தா இந்த வளையம் அலை அலையா ஆடும். இது ஆடலை." ஒரு அளவுகோலை இடது குழலுக்குள் விட்டு எடுத்தார். "வலதைவிட இடது அகலம். உலகத்துல எவனும் அப்படிச் செஞ்சு விக்கமாட்டான். கேட்டாத்தான் செய்வான்." குழலின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே மழுங்கிப்போன பழைய முத்திரைகளும், அவற்றின் பக்கத்திலேயே கூர்மை குறையாத இன்னொரு வரிசை முத்திரைகளும் இருந்தன. "ரெண்டு தரம் பரிச்சை பாத்து ரெண்டு தரம் முத்திரை குத்தியிருக்கு. இது செஞ்ச கம்பெனிக்கே திரும்பக் கப்பல்ல போயி, அங்கயே வாயைத் திறந்து, திரும்ப வந்த துப்பாக்கி. யாரு வச்சிருந்தது?"

தொம்மைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தத் துப்பாக்கி அவன் அய்யாவுக்குத் தோட்டத்துத் துரை கொடுத்துவிட்டுப் போனது. அய்யா துரைக்குச் சமையல்காரர். துரை பின்விசையில் கோழி சுட்டால் குண்டெல்லாம் ஒரே கோழிக்குள் போய் இறங்கி, குழம்பில் கறியைவிட ஈயம் அதிகமாக இருக்கும், ஒருநாள் துரையம்மாவுக்குப் பல் உடைந்தது, அதற்கப்புறம் துப்பாக்கி ஒரு வருசம் வீட்டில் இல்லை. அய்யா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வாய் திறந்த குழல் என்று தெரியாமல்தான் இத்தனை காலமும் அதில் பன்றிக்குக் குறிவைத்திருக்கிறார்கள். ஒரு பன்றியும் விழுந்ததில்லை, ஊர் தொம்மையின் கண்ணைத்தான் குறை சொல்லியது.

"எங்கய்யா சமையலுக்குத்தான் போச்சா அது" என்றான் தொம்மை.

"இதைச் செஞ்சவன் கையக் கண்ணுல ஒத்திக்கணும்" என்றார் பாய். "ஒரு மயிர் கனம், ஒரு மயிர் கனமா எடுத்திருக்கான். எடுத்து எடுத்து, சுண்ணாம்படிச்ச இரும்புப் பலகையில சுட்டுப் பாத்திருப்பான். குண்டு எங்கெங்க விழுதுன்னு வெள்ளையில கறுப்பாத் தெரியும்ல. கூட ஒரு மயிர் எடுத்திருந்தா குழல் மெலிஞ்சு கையிலயே வெடிச்சிருக்கும். கொறைச்சிருந்தா..." பிரகாசியைப் பார்த்தார். "வட்டமா, சமமா விரியும்மா. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா நடுவுல வர்ற ஒத்தக் குண்டு இருக்கு பாருங்க, அதுக்கு நான் உத்தரவாதம் சொல்லமாட்டேன்."

திரும்பி வந்து சொன்னதும் மஞ்சம்பாறை ஒரு முழுநாள் அதைப்பற்றியே பேசியது. சீமையிலே, அந்த முத்திரையில் போட்டிருந்த பர்மிங்காம் என்ற ஊரில், இவர்கள் முகம் பார்க்காத ஒரு மனுசன், இவள் பிறப்பதற்கு முன்னாலேயே, இவளுக்காக என்று தெரியாமலே ஒரு குழலின் வாயைத் திறந்து வைத்திருக்கிறான். அவன் பேர் தெரியாது, கல்லறை எங்கே என்று தெரியாது. அந்த வருசக் கல்லறைத் திருநாளுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிற பேர்களை உபதேசியார் வாசிக்கும்போது, ஊரில் செத்தவர்கள் எல்லாரையும் வாசித்து முடித்து, "பர்மிங்காம் அய்யா ஆத்துமத்துக்காக" என்று கடைசியாக ஒன்று சேர்த்தார். அதிலிருந்து வருசா வருசம் அது வாசிக்கப்படுகிறது. புதுச் சாமியார் வந்தால் யார் அது என்று கேட்பார், எங்க ஊர்க்காரர்தான் சாமி என்பார்கள்.

இடையில் ஒரு குண்டு தனியாக முன்னால் ஓடி வந்தது. கொத்தில் சேராமல் துடுக்காக முந்தி வந்த ஒற்றைக் குண்டு அது, பிரகாசி துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது அவள் காதோரமாகக் கடந்தது. கடந்ததுதான் தாமதம், விர்ரென்று பழைய வேகம் வந்து, பள்ளத்தில் அந்தோணி கட்டியிருந்த கிடாரியின் கழுத்துமணியைப் பிய்த்துக்கொண்டு போனது. அதிலிருந்து மூன்றாவது விசயமும் தெரிந்தது. அவளைத் தேடுகிற வரைக்கும்தான் அது தூக்கத்தில் நடக்கிறது, அவளைத் தாண்டிவிட்டால் முழித்துக்கொள்கிறது. முழித்த குண்டு யாரையும் தேடாது, நேராகப் போகும், எல்லாக் குண்டும்போலக் கல்லில் பட்டால் நிற்கும்.

தொம்மை சுவர் கட்டத் தொடங்கினான். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், மலைக்கல்லை உடைத்து, ஒரு ஆள் படுக்கிற கனத்துக்கு, ஒரு வீட்டு முகப்பு அகலத்துக்கு, ஒற்றை ஆளாகக் கட்டினான். ஊர் கைகொடுக்க வந்தது, அவன் விடவில்லை, "நான் சுட்டதுக்கு நானே கட்டுறேன்" என்றுவிட்டான். கல் தூக்கி முதுகு வளைந்தது, நகமெல்லாம் கறுத்தது. கட்டி முடித்ததும் அதற்குச் சுண்ணாம்பு அடித்தான், பர்மிங்காம் அய்யாவின் பலகைபோல வெள்ளையாக. ஒவ்வொரு மழைக்கும் பாசி பிடிக்கும், ஒவ்வொரு மழைக்குப் பின்னாலும் அடிப்பான். அந்தச் சுவரைப் பார்த்தவர்கள் அவனைச் சந்தேகப்பட்டதே இல்லை. பிரகாசி அதற்கு எதிரே உட்கார்ந்துதான் தினமும் துவைத்தாள், இவ்வளவு பெரிய சுவரைக் கட்டுகிற மனுசன் அன்றைக்கு ஒரு வார்த்தை கத்தியிருக்கமாட்டானா என்று நினைப்பாள், கத்தாததற்குத்தான் கட்டுகிறானோ என்றும் நினைப்பாள்.

சுவர் நின்றது, கட்டியவன் நிற்கவில்லை. ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு படுத்தான், நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கடைசியாகத் தோட்டாக்கூட்டை எடுத்து அவள் கையில் வைத்து மூடினான்.

"நான் கத்தினேன் புள்ள."

"ஆமா, கத்துனீக. இப்பத் தூங்குங்க."

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது, தெரிந்துகொண்டுதான் கண்ணை மூடினான். அதை நினைத்து அவள் அழுததுபோல அவன் செத்ததற்குக்கூட அழவில்லை. அதற்குப் பிறகு மழை விட்டதும் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் போகிறவள் அவளானாள்.

கடைசிக் கட்டத்தில் குண்டு வட்டம் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தைவிடப் பெரிதாக விரிந்திருந்தது. பாய் சொன்னது வார்த்தை பிசகவில்லை, குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு ஒல்லி மனுசி நிற்கத் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் நடுக்குண்டு ஒன்று, மற்றதெல்லாம் முன்னால் போக ஒரு முழம் பின்தங்கி, அவள் நெற்றிக்கு நேராக வந்துகொண்டிருந்தது. மற்றதுபோல மந்தம் இல்லை அதற்கு. அவள் மூச்சு இழுத்தால் அதுவும் ஏறியது, மூச்சு விட்டால் அதுவும் இறங்கியது. குனிந்தால் குனிந்தது. ஒரே தோட்டாவில் அடைத்த குண்டுகள், மற்றதெல்லாம் அவளைத் தாண்டி முழிக்கும்போது இதுவும் சேர்ந்து முழித்துக்கொள்ளும் என்பது காதர் மைதீன் பாய் சொல்லியனுப்பிய கணக்கு. முழித்தால் நேராகத்தான் போகும். அந்த நேரத்தில் அவள் குனிந்திருந்தால் பிழைத்தாள். கொஞ்சம் முன்னால் குனிந்தால் அதுவும் கூடவே குனியும். கொஞ்சம் பிந்தினால் முடிந்தது. அந்த நேரம் எது என்பதை மட்டும் பாயாலும் சொல்ல முடியவில்லை.

மாசி மாதம், காப்பி பூத்து மலை முழுக்க வாசனையாகக் கிடந்த ஒரு பகலில் அது வந்துவிட்டது. ஊர் வேலைக்குப் போகவில்லை. பள்ளத்துப் பக்கம் இருந்த வீடுகளைக் காலி செய்துவிட்டு எல்லாரும் பக்கவாட்டுப் பாறைகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். ரோஸ்லின் திண்டுக்கல்லிலிருந்து வந்து ஆத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள்.

"விடு புள்ள. சேலை கசங்குது."

"ஓடிரும்மா. இன்னொரு சுத்துச் சுத்தி வரட்டும்."

"சுத்தி வந்தா உன் பிள்ளை காலத்துல வரும். அது தேவையா?"

உபதேசியார் சூசைமாணிக்கத்துக்கு வயசாகிவிட்டது, கோயில் கைமணியைக் கொண்டு வந்திருந்தார். "நான் பாத்து மணி அடிக்கிறேன் பிரகாசி. அடிச்சதும் குனிஞ்சிரு."

"உங்களுக்குக் கை நடுங்குது அண்ணே. மணி பாட்டுக்கு அடிக்கும்" என்றாள். "என் நேரம் எனக்குத் தெரிஞ்சாத் தெரியட்டும். தெரியாட்டிப் போகட்டும்."

ரோஸ்லினை அனுப்பிவிட்டு, சுவரில் முதுகு படாமல், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். தோட்டாக்கூடு அவள் இடுப்பு முடிச்சில் சூடாக இருந்தது. முதல் குண்டு அவள் வலது முழங்கையோரம் வந்தது, இன்னொன்று இடது காதோரம், இரண்டு கால்களுக்கு வெளியே இரண்டு, தோளுக்கு மேலே ஒன்று. தொடவில்லை. ஒன்றுகூட அவளைத் தொடவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்து, எங்கோ கடலுக்கு அப்பால் மண்ணோடு மண்ணாகிப்போன ஒரு மனுசனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நடுக்குண்டு அவள் நெற்றிக்கு ஒரு முழம் தள்ளி வந்து, அவள் மூச்சோடு ஏறி இறங்கி நின்றது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அப்போது சாவைப்பற்றி நினைப்பில்லை. அந்த மனுசன் கத்தினாரா இல்லையா என்று தெரியாமலே போகப்போகிறேனே என்றுதான் இருந்தது.

சுற்றிவந்த குண்டுகள் அவள் தோளைத் தாண்டின.

"பிரகாசி, குனி."

மேட்டிலிருந்து வந்தது. பரண் இற்று விழுந்து காப்பிச்செடி முளைத்துவிட்ட இடத்திலிருந்து, கிழவனாகிச் செத்த தொம்மையின் குரல் இல்லை, சண்டை போட்டுவிட்டுப் போன அந்தச் சின்ன வயசுத் தொம்மையின் குரல், பதறிப்போய், தொண்டை கிழிய. ஊர் முழுக்கக் கேட்டது. பிரகாசி குனிந்தாள். யோசிக்கவில்லை, புருசன் கூப்பிட்டதும் திரும்புகிற மாதிரி சட்டென்று குனிந்தாள், அவள் குனிந்து முடிக்கவும், இத்தனை காலமும் எங்கே இருந்ததோ தெரியாத அந்த வெடிச்சத்தம் வந்து மலையை அறைந்தது. கொக்குகள் எழுந்தன. பள்ளத்து வீடுகளில் பாத்திரங்கள் உருண்டன. சுவரிலிருந்து சுண்ணாம்புத் தூசி எழும்பி அவளை மூடியது.

தூசி அடங்கினபோது வெள்ளைச் சுவரில் வட்டமாக, சமமாக, கறுப்புப் புள்ளிகள் இருந்தன. நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில், நெற்றி உயரத்தில் ஒரே ஒரு புள்ளி. அதற்குக் கீழே பிரகாசி குனிந்தபடியே இருந்தாள். ரோஸ்லின் ஓடிவந்து தூக்கினாள், உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, விடு" என்றாள் பிரகாசி. இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். கூடு ஆறியிருந்தது. தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேட்டுத் தோட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்று, கூப்பிடு தூரத்துக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"கேட்டுச்சுங்க."